வெள்ளிக்கிழமை பூட்டியிருந்த நூலகமும் ஒரு வேன் நிறையப் பலூனும்

ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்த வேனில் போய், கதவு பூட்டியிருந்ததைப் படம் எடுத்துப் போட்ட அந்தப் பதிவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பூட்டிய இரும்புக் கதவு, முன்னால் பலூனோடு பிள்ளைகள், மேலே ‘அரசு நூலகத்தின் லட்சணம்’ என்று தலைப்பு. நூலகரின் பெயரைப் போட்டதோடு விடவில்லை, கைபேசி எண்ணையும் போட்டார்கள். எண்ணை மறுநாள் எடுத்துவிட்டார்கள். பெயர் இன்னும் இருக்கிறது.

பதிவு போட்ட நிறுவனத்தாரே, நீங்கள் போனது வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டில் கிளை நூலகங்களுக்கு வெள்ளிதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் திறந்து வைக்கிறார்கள், அதனால் வெள்ளி மூடுகிறார்கள். கதவுக்குப் பக்கத்துப் பலகையில் எழுதியிருக்கிறது. நீங்கள் போட்ட படத்திலேயே அந்தப் பலகை தெரிகிறது, பலூன் மறைத்த பாதி போக.

ஏன் வெள்ளியன்று போனீர்கள்? உங்கள் ஊழியர்களுக்கு சனி, ஞாயிறு விடுமுறை, அதைத் தொடக்கூடாது. நூலகருக்கு வெள்ளி விடுமுறை, அதைத் தொடலாம். இதற்குப் பெயர் சமூகக் கூட்டு முயற்சி.

சரி, கதவு திறந்தே இருந்திருந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: அடுத்த ஞாயிறு யார் வருவீர்கள்?

குழந்தைகளுக்கான நூலக நிகழ்ச்சி என்றால் அவ்வளவுதான் விஷயம். ஒரு பிள்ளை புத்தகம் எடுத்துப் போவதற்கு ஒரு வருகை, திருப்பிக் கொடுக்க இன்னொரு வருகை. இரண்டாவது வருகை இல்லையென்றால் முதல் வருகை வெறும் வேடிக்கை. மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் 1931-இல் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டி நூலகம் ஓட்டினார். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் தன் ஐந்து நூலக விதிகளை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். மாட்டுவண்டியில் ஏசி இல்லை, பேனர் இல்லை. ஆனால் கொடுத்த புத்தகத்தை மாற்றிக் கொடுக்க அந்த வண்டி அதே கிராமத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். உங்கள் வேனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதுதான் பிரச்சினை.

நிஜமாகவே செய்ய நினைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

கிளை நூலகர் தானாக ‘வாங்க, நடத்துங்க’ என்று சொல்ல முடியாது. மாவட்ட நூலக அலுவலருக்குக் கடிதம் போக வேண்டும். என்ன நிகழ்ச்சி, எந்தெந்தத் தேதி, எந்த வயதுப் பிள்ளைகள், வரப்போகிறவர்கள் யார் என்று ஒரு பக்கத்தில் எழுதி, நூலகர் மூலமாகவே அனுப்புங்கள். குறைந்தது மூன்று வாரம் முன்னால். வியாழக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் ‘மேடம், நாளைக்கு வர்றோம்’ என்று போடுவது கடிதம் ஆகாது. அந்தக் கடிதத்தில் ஒரு தேதி இருக்கக்கூடாது, எட்டுத் தேதி இருக்க வேண்டும். எட்டு ஞாயிறு, ஒரே நேரம். கதை சொல்ல இரண்டு பேர் பெயர், அவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் வர மூன்றாவதாக ஒருவர். மூன்றாவது ஆள் இல்லாத திட்டம் நான்காவது வாரத்தில் படுத்துவிடும். பிள்ளைகள் ஒரு முறை வந்து ஏமாந்து திரும்பினால், அடுத்த வாரம் பாதிப் பேர்கூட வர மாட்டார்கள். அம்மாக்கள் விட மாட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

நேரம் பாருங்கள். ஞாயிறு காலை கறிக்கடை, சர்ச், எண்ணெய்க் குளியல் என்று போய்விடும். மாலை நாலரை சரியாக வரும். பல கிளை நூலகங்களில் பிள்ளைகள் போகக் கழிப்பறை இல்லை. அதனால் மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அந்தப் பதிவுக்காரர்கள் போட்ட நிகழ்ச்சி நிரலில் இரண்டரை மணி நேரம் இருந்தது, அதில் சிறப்பு விருந்தினர் உரை மட்டும் நாற்பது நிமிடம். ஆறு வயதுப் பிள்ளை எங்கே போகும் என்று யாராவது யோசித்தார்களா?

ஒரு கதை சொல்லிக்குப் பதினைந்து பிள்ளை, மிஞ்சினால் இருபது. நான்கிலிருந்து ஏழு வயது ஒரு குழு, எட்டிலிருந்து பதினொன்று இன்னொரு குழு. சேர்த்து உட்கார வைத்தால் சின்னது நெளியும், பெரியது சிரிக்கும். நாற்காலி வேண்டாம், பாய் போதும். கதை வாசிக்கிறவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது. பின்னால் வெளிச்சம் அடித்தால் பிள்ளைகளுக்குப் புத்தகம் கறுப்பாகத்தான் தெரியும். புத்தகத்தை மடியில் வைத்துப் படிக்காமல், முகத்துக்குப் பக்கத்தில், அவர்கள் கண் மட்டத்தில் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் பாட்டு, பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஒரு கதை, கொஞ்சம் ஆடவோ வரையவோ விட்டுவிட்டு இன்னொரு சின்னக் கதை. கடைசிப் பதினைந்து நிமிடம் புத்தகம் எடுத்துப் போக. இந்தப் பதினைந்து நிமிடத்தைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள், சால்வை போட நேரம் வேண்டும் என்று.

சுண்டல் கொடுங்கள், நல்லது. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு, வாசலில். எண்ணெய்க் கையோடு படப் புத்தகத்தைப் புரட்டினால் இரண்டாவது வாரமே பக்கம் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று: வாசித்த புத்தகத்தைத்தான் அத்தனை பேரும் வீட்டுக்குக் கேட்பார்கள். நூலகத்தில் அது ஒரே பிரதி இருந்தால் பதினான்கு பிள்ளைகள் அழும். எனவே 100 தலைப்பு ஒவ்வொரு பிரதி வாங்குவதை விட 25 தலைப்பு நான்கு பிரதி வாங்குவது மேல். செலவு ஏறக்குறைய ஒன்றுதான். நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் மலிவு. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் திறந்த உரிமத்தில் இருக்கின்றன, எடுத்து அச்சிட்டுத் தைத்துக்கொள்ளலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அரசுப் பள்ளியில் வாசிப்பு இயக்கம் வழியாகப் பிள்ளைகளுக்கு நுழை, நட, ஓடு, பற என்ற வாசிப்பு நிலைகள் ஏற்கெனவே தெரியும். அதே பெயரை அலமாரியில் ஒட்டுங்கள். தனக்கு எது சரிப்படும் என்று பிள்ளையே எடுத்துக்கொள்ளும்.

அந்த வேனில் வந்த அட்டைப்பெட்டிகளில் என்ன இருந்தது தெரியுமா? அவர்களே படம் போட்டிருக்கிறார்கள், பெரிதாக்கிப் பாருங்கள். பழைய நுழைவுத் தேர்வுக் கைடு, யாரோ படித்து முடித்த கணினிப் பாடநூல், ஆங்கில மேலாண்மைப் புத்தகங்கள். வீட்டில் இடம் அடைத்ததைக் கொண்டுவந்து நூலகத்தில் இறக்குவதற்குப் பெயர் நன்கொடை என்று யார் சொல்லிக் கொடுத்தது?

‘கொடுத்த புத்தகத்தைப் பீரோவில் பூட்டி வைப்பார்கள்’ என்று அந்தப் பதிவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். பூட்டுவார்கள்தான், நான் மறுக்கவில்லை. ஏன் என்று கேட்டிருக்கிறீர்களா? பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் உண்டு, இருப்புச் சரிபார்ப்பு உண்டு. தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நூலகர். பிள்ளை கைக்குப் போன படப் புத்தகம் கிழியும், தொலையும். கிழிய வேண்டும், அப்போதுதான் அது படிக்கப்பட்ட புத்தகம். இதற்கு வழி இல்லாமல் இல்லை. சிறுவர் நூல்களை, நூலகத்து வாசகர்கள் சேர்ந்த குழுவான வாசகர் வட்டத்தின் பெயரில் ஒரு கதைப் பெட்டியாக வைத்து, நாற்பது பக்க நோட்டில் பெயரும் தேதியும் மட்டும் எழுதிக் கொடுங்கள். பத்தில் இரண்டு தொலையும் என்று முதலிலேயே கணக்கில் வையுங்கள். பெட்டிக்குப் பொறுப்பு வாசகர் வட்டம், நூலகர் அல்ல என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பீரோ தானாகத் திறக்கும்.

யாரோடு சேர்வது என்பதிலும் கொஞ்சம் விவரம் வேண்டும். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் உற்சாகமாக வருவார்கள், பருவத் தேர்வு வந்ததும் காணாமல் போவார்கள். நவம்பரிலும் ஏப்ரலிலும் அவர்களை நம்பாதீர்கள். நவம்பர் 14-இல் குழந்தைகள் தினமும் தேசிய நூலக வாரமும் ஒரே நாளில் தொடங்கும், அன்றைக்குத்தான் எல்லா அமைப்புகளும் ஒரே நூலகத்துக்கு ஒரே சாக்லேட்டோடு வரும், அப்புறம் அடுத்த நவம்பர் வரை ஒரு ஈ காக்கை வராது. மகளிர் சுய உதவிக் குழுவைப் பிடியுங்கள். வாரக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து ‘ஞாயிறு நாலரைக்குப் பிள்ளைங்கள அனுப்புங்க, நான் கூட்டிட்டுப் போறேன்’ என்று சொன்னால் அது ஆயிரம் நோட்டீசுக்குச் சமம். டெல்டாப் பக்கம் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா இப்படித்தான் தன் தெருப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக் கூட்டி வருவார், வாசலில் உட்கார்ந்து காஜா எடுப்பார், முடிந்ததும் எண்ணிப் பார்த்துத் திரும்பக் கூட்டிப் போவார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு படத்திலும் அவர் இல்லை. பதிவுக்காரர்களே, கூட்டாளி என்றால் அவர்தான் கூட்டாளி.

2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த தன்னார்வலர்கள் இன்னொரு நல்ல பிடி. அந்தந்தத் தெருப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், எந்த வீட்டில் அனுப்ப மாட்டார்கள், ஏன் என்பதும் தெரியும். வர முடியாத பிள்ளைக்குப் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோக நூலக நண்பர்கள் திட்டம் இருக்கிறது. வாடகை வீட்டிலும் செங்கல் சூளையிலும் இருக்கிற குடும்பங்களிடம் முகவரிச் சான்று இருக்காது. உறுப்பினர் படிவம் அங்கேதான் நிற்கும். அதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட உள்ளூர் ஆள் ஒருவரைத் தேடிக் கொடுங்கள். பலூனை விட அது பெரிய உதவி.

இப்போது வருவார்கள்: ‘அரசுச் சம்பளம் வாங்குகிறவர், ஒரு விடுமுறை நாள் வந்தால் என்ன?’ வரலாம். நீங்களும் ஒரு ஞாயிறு வரலாமே? ஒற்றை ஆள் நூலகம் அது. திறப்பதும் அவர், பெருக்குவதும் அவர், பதிவேடு எழுதுவதும் அவர், மேல் அலுவலகத்துக்குக் கணக்கு அனுப்புவதும் அவர். வாரத்தில் ஆறு நாள் நீங்கள் எட்டிப் பார்க்காத இடத்துக்கு ஏழாவது நாள் போய்விட்டுக் கதவைப் படம் எடுப்பது எந்த ஊர் நியாயம்?

‘நல்லது செய்ய வருகிறவர்களை இப்படிப் பேசினால் அப்புறம் யார் வருவார்கள்?’ வந்து என்ன ஆயிற்று என்றுதான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

‘அரசு செய்ய வேண்டியதை நாங்கள் செய்கிறோம்.’ இதில் பாதி உண்மை இருக்கிறது. 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். நீங்கள் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. வசூலித்த உள்ளாட்சிகள் அதை நூலகங்களை நடத்தும் நூலக ஆணைக்குழுவுக்கு ஒப்படைக்காமல் நிலுவை வைப்பது பழைய கதை. கோபம் இருந்தால் அங்கே போய்க் கேளுங்கள். உங்கள் நகராட்சி எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு கொடுத்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்குக் கேட்கலாம். அதைக் கேட்டு ஒரு பதிவு போடுங்கள், முதல் ஆளாக நான் பகிர்கிறேன். ஆனால் அதில் பலூன் இல்லை, படம் நன்றாக வராது.

பிள்ளைகள் போனில்தான் இருக்கிறார்கள், புத்தகம் யார் படிக்கிறார்கள் என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. ஒரு ஞாயிறு மாலை ஏதாவது ஒரு கதை நேரத்துக்குப் போய் உட்காருங்கள்.

படம் என்றதும் நினைவு வருகிறது. அந்தப் பிள்ளைகளின் முகம், சீருடை, பின்னால் பள்ளியின் பெயர்ப் பலகை எல்லாம் தெளிவாக இருக்கிறது. பெற்றோரிடம் கேட்டீர்களா? எட்டு வாரம் நடத்துகிறவர்கள் முதல் வாரமே ஒரு தாளில் ஒப்புதல் வாங்குவார்கள், இல்லையென்றால் முதுகுப் பக்கம் மட்டும் எடுப்பார்கள். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, கதவு திறந்தே இருக்க வேண்டும், எப்போதும் இரண்டு பெரியவர்கள் வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098 சுவரில் இருக்க வேண்டும் என்பதும் அதே முதல் வாரத்து வேலைதான். வேனில் வந்த இருபது பேரில் எத்தனை பேருக்கு இது சொல்லப்பட்டது? டீஷர்ட் மட்டும் சரியான அளவில் கொடுத்திருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த நிறுவனத்தின் மேல்கூட இவ்வளவு கோபம் இல்லை. அந்தப் பதிவை யோசிக்காமல் பகிர்ந்தீர்களே, நூலகம், வாசிப்பு என்று தினமும் எழுதுகிற நம் ஆட்கள், உங்கள் மேல்தான். ‘இவங்களை எல்லாம் வேலையை விட்டுத் தூக்கணும்’ என்று எழுதியவர் எனக்கு வேண்டியவர்தான். அந்தக் கிளை நூலகத்தில் உங்களில் யாராவது உறுப்பினரா? வாசகர் வட்டக் கூட்டத்துக்குப் போனதுண்டா? ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேர்ந்ததுண்டா? அங்கே சிறுவர் பகுதியில் மின்விசிறி ஓடுகிறதா இல்லையா என்று யாருக்காவது தெரியுமா? தெரியாது. ஆனால் நூலகரின் பெயர் தெரியும், ஊர் முழுக்க.

அவர் ஞாயிறு வழக்கம் போல் திறந்தார். சனிக்கிழமை முழுக்க வந்த அழைப்புகளுக்குப் பிறகும் திறந்தார். பலூன் பிள்ளைகள் சிலர் வந்து, ‘அந்த அண்ணங்க திரும்ப வருவாங்களா?’ என்று கேட்டிருக்கிறார்கள். அவரிடம் அதற்குப் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் கீழே எழுதுங்கள், தேதியோடு. இல்லையென்றால் அந்தப் பதிவில் அவர் பெயரையாவது எடுத்துவிடுங்கள்.