ஃபேன் கவரை அறுக்குறதை முதல்ல நிறுத்துங்கய்யா!

பாடி லிஃப்ட் போட்ட, அதாவது சேஸிக்கு மேல பிளாக் வச்சுப் பாடியை உசத்தின பழைய மாருதி ஜிப்சி எதையாவது பார்த்தா பானெட்டைத் தூக்கிப் பாருங்க. ரேடியேட்டருக்குப் பின்னாடி இருக்கிற ஃபேன் கவரோட கீழ்ப்பாதியை கிரைண்டர் வச்சு கன்னாபின்னான்னு அறுத்திருப்பாங்க. இல்லைன்னா கவரே இருக்காது. கேட்டா ஒரே பதில்: "அது எக்ஸ்ட்ரா பீஸ் சார், எடுத்துட்டா காத்து ஃப்ரீயா போகும்."

எது எக்ஸ்ட்ரா? ஃபேன் இழுக்கிற காத்து ரேடியேட்டர் முழுக்கப் போகணும்னுதான் அந்தக் கவரே இருக்கு. கணக்கு போட்டுப் பாருங்க. ரேடியேட்டரோட கோர், அதாவது காத்து புகுந்து போற டியூப் பகுதி, 18க்கு 18 இன்ச்னா 324 சதுர இன்ச். 16 இன்ச் ஃபேன் சுத்துற வட்டம் 201 சதுர இன்ச் சொச்சம். கவர் இல்லைன்னா நாலு மூலையும் தண்டம், ரேடியேட்டர்ல மூணுல ஒரு பங்குக்கு மேல சும்மா கிடக்குது. அதைவிட மோசம், ஃபேன் கோர் வழியா இழுக்கிறதை விட்டுட்டு இன்ஜின் பக்கத்துச் சூட்டுக் காத்தையே சுத்தி இழுத்து விடும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவுல இளநீர் குடிக்கிற கதைதான்.

இதுல பெரிய கூத்து டெஸ்ட் டிரைவ். பைபாஸ்ல 60ல ஓட்டிக் காட்டி "பாருங்க, டெம்பரேச்சர் முள்ளு ஏறவே இல்லை"ன்னு சாவியைக் கொடுத்துடுவாங்க. அந்த வேகத்துல எதிர்க்காத்தே போதும், ஃபேனே தேவையில்லை. கொழுக்குமலை மாதிரி பாதையில லோ ரேஞ்சுல, ஃபர்ஸ்ட் கியர்ல, நடக்கிற வேகத்துல ஏறும்போதுதான் விஷயம் தெரியும். அங்க முள்ளு சிவப்பைத் தொட்டதும் ஆரம்பிக்குது அடுத்த செலவு. தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறி, ரேடியேட்டருக்கு ராடு அடிச்சு அடைப்பு எடு, மூணு வரிசை டியூப் இருக்கிற கோர் போடு. கவரைத் தவிர எல்லாத்து மேலயும் பழி.

லிஃப்ட் போட்டதும் கவர் ஃபேன்ல ஏன் இடிக்குதுன்னு யோசிக்கிறதே இல்லை. ஜிப்சியில ரேடியேட்டர் பாடியில நிக்குது, இன்ஜின் சேஸில நிக்குது. ரெண்டு இன்ச் பிளாக் வச்சுப் பாடியைத் தூக்கினா ரேடியேட்டரும் கவரும் 50 மில்லிமீட்டர் மேல போகும், ஃபேன் போகாது. ஃபேனைச் சுத்தி இருக்கிற கவர் வளையத்தோட கீழ் உதடு ஃபேன் இறக்கையில மாட்டும். ஆக, அந்த வளையத்தை 50 மில்லி கீழ இறக்கணும். அவ்வளவுதான் வேலை! கீழ அறுத்துட்டா இடிக்காது, சரி. மேல இருக்கிற இடைவெளி? அது 50 மில்லி கூடிப்போய் வாயைப் பிளந்துட்டு நிக்கும்.

முறையா செய்ய ஒரு மதியம் போதும். கவர்ல இருக்கிற வளையத்தை மட்டும் முழுசா வெட்டி எடுங்க. அட்டையில அச்சு எடுத்து, 1.5 மில்லி அலுமினியத் தகட்டுல புதுத் தட்டு வெட்டி, வளையத்தை இறக்கிப் பிடிச்சு 4 மில்லி பாப் ரிவெட் அடிங்க, ரெண்டு இன்ச்சுக்கு ஒண்ணு. இறக்கை நுனிக்கும் வளையத்துக்கும் சுத்தி 20 மில்லியாவது விடணும். ரப்பர் மவுண்டிங்ல இன்ஜின் ஆடும், ஆக்சிலரேட்டர் மிதிச்சா பக்கவாட்டுல சாயும், அதனால 10 மில்லி பத்தாது. இறக்கையோட அகலத்துல பாதியிலிருந்து மூணுல ரெண்டு பங்கு வரை வளையத்துக்குள்ள இருக்கணும். முழுசா உள்ள போனாலும் தப்பு, வெளிய நின்னாலும் தப்பு. கோருக்கும் இறக்கைக்கும் நடுவுல ஒரு இன்ச்சாவது வேணும். தட்டை ரேடியேட்டர்ல இறுக்கி முறுக்காதீங்க, ரப்பர் வாஷர் போட்டுப் பிடிங்க. இல்லைன்னா மேடு பள்ளத்துல முறுக்கு வாங்கி ரேடியேட்டர் பிராக்கெட் பத்தவச்ச இடம் விட்டுடும்.

முடிஞ்சா மேல் பாதி, கீழ் பாதின்னு ரெண்டு துண்டா பண்ணி போல்ட் போடுங்க. கவர் காணாமப் போறதுக்கு நிஜக் காரணமே இதுதான்: வாட்டர் பம்ப் மாத்தணும்னா முழுக் கவரையும் கழட்டணும், திரும்பப் போடச் சோம்பேறித்தனம். அப்புறம் அது பட்டறை மூலையில கிடக்கும்.

லிஃப்ட்டே போடாத வண்டியில கவர் உரசுதா? அறுக்கக் கை போகும் முன்னாடி உரசின தடம் எங்க இருக்குன்னு பாருங்க. கீழ இருந்தா இன்ஜின் மவுண்டிங் அமுங்கிருக்கும். சுத்தி இருந்தா ஃபேனைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா வாட்டர் பம்ப் பேரிங் போச்சு. இதைப் பார்க்காம கவரை அறுக்கிறவங்களை என்ன சொல்றது!

இன்னொரு கோஷ்டி, கவரையும் ஃபேனையும் தூக்கி எறிஞ்சுட்டு, காயலான் கடை எலக்ட்ரிக் ஃபேனைப் பிளாஸ்டிக் டேக் வச்சு கோர் வழியாவே கோத்துக் கட்டுது. டேக் ரேடியேட்டர் டியூபைத் தேய்ச்சு ஓட்டை போடும். ரிலே கிடையாது, முழுக் கரண்டும் சுவிட்ச் வழியாவே போய் அது உருகும். அந்த ஃபேனுக்கும் கவர் வேணும்கிறது மட்டும் அவங்களுக்கு ஞாபகம் வராது.

வேலை சரியான்னு பார்க்க ஒரு நியூஸ்பேப்பர் தாள் போதும். இன்ஜின் நல்லா சூடேறினதும் வண்டியை நிறுத்தி, இன்ஜினை மட்டும் ஓடவிட்டு, கிரில் முன்னாடி நாலு மூலையிலும் தாளைப் பிடிங்க. மூலையிலயும் ஒட்டணும். நடுவுல மட்டும் ஒட்டி மூலையில விழுந்தா கவர் ஓரத்துல எங்கேயோ காத்து திருடுது. அந்த இடுக்கைத் தேடி ஃபோம் பட்டை ஒட்டுங்க.