காரில்லாத பாதைக்குக் கார் வேண்டுமாம்

மகளோடு காட்டுக்குள் சைக்கிள் ஓட்டப் போய்ப் பாதியிலேயே திரும்பி வந்து மூன்று நாளாகிறது. இன்னும் கோபம் அடங்கவில்லை. யாரிடமாவது கொட்டித்தான் ஆக வேண்டும், அதனால் இங்கே கொட்டுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் தென்கரையில், சவுத்தாம்ப்டனில். ரயிலேறினால் இருபது நிமிடம் போல, ப்ராக்கன்ஹர்ஸ்ட் வந்துவிடும். நியூ ஃபாரஸ்ட் காட்டுக்கு நடுவில் இருக்கும் ஊர். பெயரில்தான் புதுசு. 1079இல் முதலாம் வில்லியம் மன்னன் வேட்டைக்கென்று ஒதுக்கிவைத்த காடு அது. 2005இல் தேசியப் பூங்காவானது. காடு என்றதும் மரமாக அடர்ந்து கிடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மேட்டில் ஏறினால் கண்ணுக்கெட்டிய வரை ஹீத் நிலம்: முழங்கால் உயர ஹெதர் செடி, உரசினால் கையைக் கிழிக்கும் கோர்ஸ் புதர், பள்ளமான இடங்களில் காலை உள்ளே இழுக்கும் சதுப்பு. ஆகஸ்டில் ஹெதர் பூத்தால் நிலம் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். அங்கிருந்து இறங்கினால் ஓக், பீச் மரங்களின் நிழல். கீழே ஓபர் வாட்டர், ஹைலேண்ட் வாட்டர் என்று இரண்டு ஓடைகள், கடுங்காப்பி நிறத்தில். அழுக்கு கிடையாது, சதுப்பு மண்ணின் சாயம். இரண்டும் ப்ராக்கன்ஹர்ஸ்ட் பக்கத்தில் கலந்து லிமிங்டன் ஆறாகிக் கடலுக்குப் போகின்றன.

இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் சரளைப் பாதைகள் போகின்றன. வெட்டிய மரத்தை லாரியில் ஏற்றிப்போகப் போட்டவை பல. தடுப்புக் கம்பம் போட்டு மற்ற வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், சைக்கிள் மட்டும் ஓரமாக நுழையலாம். சந்திப்புக்குச் சந்திப்பு எண் போட்ட மரக்கட்டை நட்டிருக்கும். வரைபடத்திலும் அதே எண். இப்படி அடையாளமிட்ட வழி நூறு மைலுக்கு மேல் இருக்கிறது.

அதில் போகும் சுகத்தைச் சொல்லாமல் என் கோபம் யாருக்கும் புரியாது. என் மகளுக்கு ஒன்பது வயது. நகரத்துச் சாலையில் அவளுக்குப் பின்னால் போகும்போது ஒரு நொடி விடாமல் கத்திக்கொண்டே இருப்பேன். ஓரம் போ, நில்லு, திரும்பிப் பார்க்காதே. அந்தக் கேட்டைத் தாண்டிச் சரளையில் சக்கரம் ஏறி நறநறவென்று சத்தம் வந்ததும் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். அவள் பாட்டுக்கு நடுப்பாதையில் வளைந்து வளைந்து போவாள். எதிரே ஒரு மட்டக்குதிரை குட்டியோடு நின்றால் இறங்கி, அது நகரும் வரை காத்திருப்போம். சாணியும் ஈரப் பெரணியும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். ஒரு மணி நேரம் நான் வெறும் அப்பாவாக இருக்கலாம், போக்குவரத்துக் காவலராக இருக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பாதை முடிந்துவிடும். ஊர் வந்தோ, இறங்குமிடம் வந்தோ முடியாது. போய்க்கொண்டே இருக்கும்போது ஒரு கேட் வரும், கேட்டுக்கு அந்தப் பக்கம் தார்ச்சாலை, அதில் கார்கள். அடுத்த சரளைப் பாதை எங்கே என்று வரைபடத்தைப் பார்த்தால் அந்தச் சாலையிலேயே இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும். நூறு மைல் என்று கணக்கு சொல்கிறார்கள். அது நூறு மைல் பாதையா? துண்டு துண்டாக வெட்டிப் போட்ட கயிறு. எல்லாத் துண்டையும் சேர்த்து அளந்து நீளம் சொன்னால் கிணற்றில் தண்ணீர் இறைக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். மகளுக்கு நைட்வுட் ஓக் மரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்நூறு வயது இருக்கலாம் என்கிறார்கள், காட்டிலேயே பேர்போன மரம். பள்ளியில் கேள்விப்பட்டு வந்து இரண்டு வாரமாக நச்சரிப்பு. காலையில் ரயிலில் இரண்டு சைக்கிளையும் ஏற்றி ப்ராக்கன்ஹர்ஸ்டில் இறங்கினோம். ஓபர் வாட்டர் பக்கத்துச் சரளையில் அருமையாகப் போனோம். அப்புறம் ரைன்ஃபீல்ட் சாலைக்கு வந்தாயிற்று. இரண்டு பக்கமும் 1850களில் நட்ட டக்ளஸ் ஃபிர், ரெட்வுட், செக்கோயா. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். குறுகலான சாலை. அந்த மரங்களைப் பார்க்கத்தான் எல்லோரும் காரை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.

எனக்கு முன்னால் அவள், பின்னால் ஒட்டினாற்போல் நான். ஒரு பெரிய கறுப்பு வண்டி எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே உறுமிக்கொண்டு வந்தது. எதிரே வந்த வண்டி கடந்ததும் சட்டென்று முந்தியது. அதன் பக்கக் கண்ணாடி என் ஹேண்டிலுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. என் முழங்கையில் காற்று அடித்தது. அடுத்த நொடி அது என் மகளைத் தாண்டியாக வேண்டும். அவள் பயந்து புல்லுக்குள் இறங்கிவிட்டாள். முன்சக்கரம் குழியில் மாட்டி, சைக்கிளோடு சாய்ந்து, உள்ளங்கை இரண்டும் தேய்ந்துவிட்டது. வண்டி வேகத்தைக் குறைத்தது, நிற்கவில்லை. கண்ணாடியை இறக்கி ஒரு குரல் மட்டும் வந்தது: உங்களுக்கென்றுதான் தனிப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார்களே, அதில் போக வேண்டியதுதானே?

ஐயா, அந்தப் பாதையில்தான் வந்தோம். அது முடிந்துபோய்விட்டது. முடிந்த இடத்திலிருந்து நாங்கள் பறந்தா போவது?

2022 ஜனவரியில் இந்த நாட்டுச் சாலை விதிக் கையேட்டைத் திருத்தினார்கள். 30 மைல் வேகம் வரை போகும்போது சைக்கிளை முந்தினால் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும், வேகம் கூடினால் இன்னும் அதிகம் விட வேண்டும் என்று அதில் இருக்கிறது. எழுத்தில் இருக்கிறது. அந்தக் குறுகல் சாலையில் ஒன்றரை மீட்டர் விட்டு முந்த எத்தனை இடம் இருக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரியாதா? பின்னால் பொறுமையாக வருவதைத் தவிர வேறு வழியில்லாத சாலை அது. ஞாயிற்றுக்கிழமை, காட்டுக்குள், மரம் பார்க்க வந்தவனுக்கு என்ன அவசரம்?

கையைக் கழுவித் துடைத்துவிட்டு மேலே போனோம். அவள்தான் போகலாம் என்றாள். சாலை ஏ35இல் போய் முட்டியது. லிண்ட்ஹர்ஸ்டிலிருந்து கிறைஸ்ட்சர்ச் பக்கம் போகும் நெடுஞ்சாலை. அதைக் குறுக்கே கடந்தால்தான் எதிர்ப்பக்கச் சாலையில் நைட்வுட் ஓக். மரம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். நின்றோம். இந்தப் பக்கம் இடைவெளி வந்தால் அந்தப் பக்கம் வராது. அந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம் ஒரு வண்டி, அதன் பின்னால் இன்னும் நான்கு. மகள் ஒரு காலைப் பெடலில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தனியாக இருந்திருந்தால் ஓடிக் கடந்திருப்பேன். தேய்ந்த கையோடு பிரேக் பிடிக்கத் தயங்கும் குழந்தையை அந்தச் சாலையில் இறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பிவிட்டோம்.

திரும்பி வரும் வழியில் எத்தனை சரளைப் பாதைகள் காட்டுக்குள் பிரிந்து போயின தெரியுமா? லாரி போகும் அகலம், கெட்டியான தரை, ஆள் நடமாட்டமே இல்லை. ஆனால் அவற்றில் சைக்கிள் போகக்கூடாது. அடையாளக் கட்டை நட்ட வழியில் மட்டும்தான் அனுமதி, மற்றதில் போனால் காட்டு விதிக்கு விரோதம். லாரி போகலாம், நடக்கலாம், குதிரையில் போகலாம். ஒன்பது வயதுப் பிள்ளை சைக்கிளில் போகக்கூடாது. அவள் தார்ச்சாலையில் போய்க் காரோடு காராக ஓட்ட வேண்டும்.

இதற்குச் சொல்லும் காரணத்தை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். ஹீத் நிலத்தில் பக்கிக் குருவி வெறும் தரையில் முட்டையிடும். ஆள்காட்டியும் அப்படித்தான். மார்ச்சிலிருந்து ஜூலை வரை கண்ட இடத்தில் புகுந்தால் கூடு அழியும். சதுப்பில் டயர் தடம் பதிந்தால் ஆறப் பல வருடமாகும். காட்டில் மேயும் மட்டக்குதிரைகளும் மாடுகளும் காட்டு விலங்குகள் கிடையாது, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. தலைமுறை தலைமுறையாக மேய்ச்சல் உரிமை வைத்திருக்கும் குடும்பங்கள். அந்த உரிமையைக் காக்க லிண்ட்ஹர்ஸ்டில் வெர்டரர் நீதிமன்றம் என்று இன்றும் ஒன்று கூடுகிறது. கூட்டமாக வந்து ஹெதர் மேல் ஏற்றி ஓட்டும் சைக்கிள்காரர்களை நானே பார்த்திருக்கிறேன், நானே சண்டை போட்டிருக்கிறேன். நான் புதுப் பாதை வெட்டச் சொல்லவில்லை. ஏற்கெனவே லாரிக்குப் போட்ட சரளை கிடக்கிறதே, அதில் இரண்டு துண்டுகளை இணைக்கும் அளவுக்காவது திறந்துவிடக் கூடாதா என்றுதான் கேட்கிறேன்.

குதிரைகளைப் பற்றித்தான் கவலை என்றால் இதையும் பேசுவோம். வேலியில்லாத காட்டுச் சாலைகளில் பெரும்பாலும் வேக வரம்பு மணிக்கு 40 மைல். நம் கணக்கில் 64 கிலோமீட்டர். இருட்டில் கறுப்புக் குதிரை சாலை நடுவில் நிற்கும், அதற்குத் தெரியாது அது சாலை என்று. வருடா வருடம் பத்துக்கணக்கில் மாடும் குதிரையும் வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. இரவில் தெரியட்டும் என்று குதிரைகளின் கழுத்தில் ஒளிரும் பட்டை கட்டிவிடுகிறார்கள். வேகத்தைக் குறைக்க மனசில்லை, குதிரைக்குப் பட்டை! ஆறு மைல் தூரத்தை 40இல் போனால் ஒன்பது நிமிடம், 30இல் போனால் பன்னிரண்டு நிமிடம். மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தை விட்டுக்கொடுக்க முடியாமல்தான் குதிரையும் சாகிறது, என் பிள்ளையும் புல்லில் விழுகிறாள்.

அதனால் என்ன ஆகிறது? விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் சைக்கிளைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். காட்டுக்குள் கார் நிறுத்துமிடங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. சரளைப் பாதை தொடங்கும் இடத்திலேயே வண்டியை நிறுத்தி, சைக்கிளை இறக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி ஏற்றிக்கொண்டு போய்விடலாம். ஹோம்ஸ்லிக்கும் பர்லிக்கும் நடுவே பழைய ரயில் தடத்தின் மேல் ஒரு பாதை இருக்கிறது. 1847இல் போட்ட ரயில் வழி, 1964இல் மூடிவிட்டார்கள். சமதளமாக, குழந்தைகள் ஓட்ட அத்தனை வாகாக இருக்கும். ஒரு காலத்தில் லண்டன்காரர்கூட ரயிலில் வந்து இறங்கிய வழி. இன்று அதில் சைக்கிள் ஓட்ட ஆட்கள் காரில் வந்து இறங்குகிறார்கள். அப்படி வரும் ஒவ்வொரு காரும் எங்களைப் போல ரயிலில் வந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் வரும் இன்னொரு கார். பயந்து காருக்கு மாறியவனைப் பார்த்து அடுத்தவன் பயப்படுகிறான், அவனும் மாறுகிறான். சாலை இன்னும் நெரிகிறது.

பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2013இல் தேசியப் பூங்காக்களில் சைக்கிள் வசதிக்கென்று அரசு நிதி ஒதுக்கியது, நியூ ஃபாரஸ்டுக்கும் பங்கு வந்தது. ஊருக்கு ஊர் வாடகை சைக்கிள் என்று பெரிதாகப் பேசினார்கள். 2014இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ரைன்ஃபீல்ட் சாலையை வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை ஒரு நாலு மணி நேரம், ஊர்க்காரர் வண்டி தவிர மற்ற கார்களுக்கு மூடினால் யார் குடி முழுகிவிடும்? செக்கோயா மரத்தை நடந்து போய்ப் பார்த்தால் அது குட்டையாகத் தெரியுமா?

ரயிலில் வரும்போது மகள் கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆஷர்ஸ்ட் தாண்டியதும் கேட்டாள்: “அப்பா, அடுத்த தடவை நாமளும் கார்லயே சைக்கிள கொண்டு போயிடலாமா? அந்த மரத்துக்குப் பக்கத்துல பார்க்கிங் இருக்காம், டீச்சர் சொன்னாங்க.”

நேற்று ராத்திரி, காரின் பின்னால் சைக்கிள் மாட்டும் ஸ்டாண்ட் என்ன விலை என்று பார்த்தேன். வயிறு எரிகிறது.