அவர் பெயர் ஜிம்மி எல்லிஸ்

நேற்று அந்தப் பழைய மெட்ராஸ் படங்கள் குரூப்பில் நடந்த கூத்தைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் போட்டு யாரையும் அசிங்கப்படுத்தும் எண்ணம் எனக்கில்லை. 1980-ல் நேரு ஸ்டேடியத்தில் முகமது அலி. படம் அருமை. கீழே எழுதியிருந்தது: ‘அலியும், அவரிடம் அடி வாங்கக் கூட்டி வந்த ஆளும்.’ நான் கமெண்ட்டில் ‘ஜிம்மி எல்லிஸ்’ என்று பெயரைச் சொன்னேன். ‘சார், அது சும்மா ஸ்பாரிங் பார்ட்னர், விடுங்க’ என்று அட்மின் பதில். அதாவது பயிற்சிக்கு எதிரில் நிற்கும் ஆள். அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜி.

விடுகிறேன். சொல்லிவிட்டு விடுகிறேன்.

அந்த ‘ஆள்’ 1968 ஏப்ரலில் இருந்து 1970 பிப்ரவரி வரை டபிள்யூ.பி.ஏ. என்ற உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் ஹெவிவெயிட் சாம்பியன். உலக சாம்பியன், சார். மாவட்ட சாம்பியன் இல்லை.

உடனே வருவார்கள் எனக்குத் தெரியும். “வியட்நாம் போருக்குப் போக மாட்டேன்னு சொன்னதால அலிகிட்ட இருந்து பட்டத்தைப் பிடுங்கினாங்க. காலியா கிடந்த நாற்காலியில இவர் போய் உட்கார்ந்தார்.” அலிக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் அந்த நாற்காலி சும்மா கிடக்கவில்லை. எட்டுப் பேரை வைத்து டோர்னமெண்ட் நடத்தினார்கள். எல்லிஸ் ஜெயிப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. மனுஷன் சில வருஷம் முன்புவரை மிடில்வெயிட். அதாவது 72 கிலோ சொச்சம். அந்த எடையிலும் தோல்வி மேல் தோல்வி. அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீக்குத் தானே கடிதம் எழுதிப் போட்டு அவரிடம் போய்ச் சேர்ந்தவர்.

அப்படிப்பட்டவர் முதல் சுற்றில் ஹூஸ்டனில் லியோட்டிஸ் மார்ட்டினை ஒன்பதாவது ரவுண்டில் நிறுத்தினார். யார் இந்த மார்ட்டின்? இரண்டு வருடம் கழித்து முன்னாள் உலக சாம்பியன் சோனி லிஸ்டனையே நாக்அவுட் செய்தவர். அடுத்து ஆஸ்கர் போனவேனா. அர்ஜென்டினாக்காரர், காளை மாதிரி. 1966-ல், பின்னால் உலக சாம்பியனான ஜோ ஃப்ரேஸியரை ஒரே ரவுண்டில் இரண்டு முறை கீழே தள்ளியவர். அந்தப் போனவேனாவை எல்லிஸ் இரண்டு முறை விழ வைத்தார். இறுதிச் சண்டையில் ஓக்லாந்தில் ஜெர்ரி குவாரியோடு 15 ரவுண்டு நின்று பாயிண்ட்ஸில் ஜெயித்தார். இதுதான் காலி நாற்காலியில் உட்காரும் லட்சணமா? இந்த மூன்று பேரில் ஒருத்தரோடு மூன்று நிமிஷம் நின்றுவிட்டு அந்த எமோஜியைப் போடுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

சரி, முன்னாள் சாம்பியன் பேட்டர்சனோடு எல்லிஸ் பட்டத்தைக் காக்கப் போட்ட சண்டை. 1968 செப்டம்பர், ஸ்டாக்ஹோம். மார்க் போட்டது நடுவர் ஒருவர் மட்டும். அவர் எல்லிஸுக்குக் கொடுத்தார். ஃபிளாய்ட் பேட்டர்சன்தான் ஜெயித்தார் என்று சொல்கிறவர்களே அதிகம். எனக்கும் அந்தத் தீர்ப்பில் கொஞ்சம் உறுத்தல் உண்டு. மறைக்கவில்லை. ஆனால் எல்லிஸ் மூக்கு உடைந்து 15 ரவுண்டு நின்றார் என்பதையும் எழுதுங்கள். அதை மட்டும் ஒருத்தரும் எழுதுவதில்லை.

“ஃப்ரேஸியர் எல்லிஸை நாலே ரவுண்டில் முடிச்சுட்டாரே?” ஆமாம். முடித்தார். 1970-ன் ஃப்ரேஸியர் யாரைத்தான் விட்டு வைத்தார்? இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எர்னி ஷேவர்ஸ் என்ற பாக்ஸர் அவரை முதல் ரவுண்டிலேயே படுக்க வைத்ததையும் யாராவது இழுப்பார்கள். இழுக்கட்டும். 53 சண்டையில் 40 வெற்றி. அந்த நாற்பதைப் பற்றிப் பேச ஒருவருக்கும் நேரமில்லை.

நான் இதற்கு ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று கேட்கலாம். என் மாமா வியாசர்பாடிக்காரர். இளவயதில் கிளவுஸ் போட்டவர். பெரிய பாக்ஸர் ஒருவருக்குப் பிராக்டீஸுக்கு நிற்கும் வேலை. சாயங்காலம் மூட்டை தூக்கி முடித்துவிட்டு வந்து, ராத்திரி அவர் கையில் குத்து வாங்குவார். கூலி, இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும். ஆனால் தனக்கென்று ஏறிய மேடையில் மாமா ஒரு வெள்ளி மெடல் வாங்கியிருக்கிறார். பீரோவில் அத்தையின் பழைய கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறது. வெள்ளி கறுத்து, ரிப்பன் மஞ்சளாகிவிட்டது. கல்யாண வீட்டில் யாராவது மாமாவை அறிமுகப்படுத்தும்போது என்ன சொல்வார்கள் தெரியுமா? அந்தப் பெரிய பாக்ஸரின் பெயரைச் சொல்லி, “அவருகிட்ட பிராக்டீஸுக்கு நின்னவரு.” மாமா சிரித்துக்கொண்டே வணக்கம் வைப்பார். மெடல் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

எனக்கும் இது புதுசில்லை. பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் எனக்குப் பெயரே கிடையாது. “நீ அவன் தம்பிதானே?” அண்ணன் ஸ்டேட் ரேங்க். நான் ஒருமுறை கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியபோது சான்றிதழில் அண்ணன் பெயரை எழுதிவிட்டார்கள். திருத்தித் தரக் கேட்டதற்கு “ஒரே வீடுதானேப்பா” என்றார் வாத்தியார். சரி, இது வேறு கதை. வேறு கதையும் இல்லைதான்.

எல்லிஸும் அலியும் லூயிவில் ஊர்க்காரர்கள். அமெச்சூர் காலத்தில் இரண்டு முறை மோதி ஆளுக்கொன்று ஜெயித்தவர்கள். ஆமாம், எல்லிஸ் அலியை ஜெயித்திருக்கிறார். 1971-ல் ஹூஸ்டனில் தொழில்முறையில் மோதினார்கள். டண்டீ அன்று நின்றது அலியின் கார்னரில் இல்லை, எல்லிஸின் கார்னரில். அலி பன்னிரண்டாவது ரவுண்டில் ஜெயித்தார். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சிநேகிதனுக்கு ஸ்பாரிங் செய்தது கேவலம் என்றால், அலி எத்தனை வருடம் அவரையே தேடித் தேடி எதிரில் நிறுத்திக்கொண்டார் என்பதை என்னவென்று சொல்வீர்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1975-ல் பயிற்சியில் பட்ட அடியில் ஒரு கண்ணின் பார்வை கெட்டுத்தான் எல்லிஸ் சண்டையை விட்டார். அதாவது நம் நேரு ஸ்டேடியத்துக்கு வந்தபோது, நாற்பதைத் தொடும் வயதில், ஒரு கண் சரியாகத் தெரியாமல், அலியின் கைக்கு முன்னால் நின்றார். காட்சிப் போட்டிதான், நிஜச் சண்டை இல்லை. இருந்தாலும் அலியின் கை. அதை ‘அடி வாங்கக் கூட்டி வந்த ஆள்’ என்று எழுதுகிறீர்கள். குத்துச்சண்டையில் வாங்கிய அடியெல்லாம் சேர்ந்து மூளையைத் தின்று, ஞாபகம் அழிந்து, 2014-ல் போய்ச் சேர்ந்தார். அவருக்கே பல விஷயம் மறந்துபோயிருக்கும். நமக்கென்ன கேடு?

“செத்தவருக்காக உங்களுக்கு எதுக்கு சார் டென்ஷன்?” என்று இன்பாக்ஸில் ஒரு தம்பி. டென்ஷன் இல்லை தம்பி. நல்லாத்தான் இருக்கேன்.

ராத்திரி படத்தை மாமாவிடம் காட்டினேன். அன்று ஸ்டேடியத்தில் கடைசி வரிசையில் இருந்தவர் அவர். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, போனை முகத்துக்கு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார்.

“எல்லிஸ்தானே இது?”

“ஆமா மாமா. பேரு தெரியலன்னு சிரிக்கிறானுங்க.”

“நீ கமெண்ட்ல போட வேண்டியதுதானே?”

“போட்டேன். டெலிட் பண்ணிட்டாங்க.”

“இன்னொரு தபா போடு.”

போட்டேன். பெயர், வருடம், போனவேனா, மார்ட்டின், குவாரி எல்லாம் வரிசையாக. காலையில் எழுந்து தேடினால் குரூப்பையே காணோம். பிளாக் செய்துவிட்டார்கள்.