பழகிய கைக்கும் ஒரு வழி விடுங்கள்

அலுவலகத்தில் பல வருடமாகப் பயன்படுத்திய மென்பொருளை மாற்றிவிட்டார்கள். புதியது மோசம் என்று சொல்ல மாட்டேன், வேகமாகவே இருக்கிறது. ஆனால் சாயங்காலம் எழுந்திருக்கும்போது தலை கனக்கிறது. "ஒரு வாரத்தில் பழகிடும்" என்று ஆளாளுக்குச் சொல்லும்போது எரிச்சல்தான் வருகிறது.

புதிதாகக் கற்பது எனக்குக் கஷ்டமே இல்லை. கைக்குப் பழகியதை மறக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் பாடாய்ப் படுத்துகிறது. கண்ட்ரோல் டி என்ற ஒரே ஒரு ஷார்ட்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எக்செலில் மேல் கட்டத்தில் இருப்பதைக் கீழே நிரப்பும். ஃபோட்டோஷாப்பில் தேர்ந்தெடுத்த பகுதியை விடுவிக்கும். படம் வரையும் கோரல்ட்ராவில் இன்னொரு நகலைப் போடும். யோசிப்பதற்கு முன்பே விரல் அழுத்திவிடுகிறது. அப்புறம் எது மாறியது என்று தேடி, அதைச் சரிசெய்து நிமிர்வதற்குள் என்ன செய்ய வந்தோம் என்பதே மறந்துபோகிறது. முதல் முறையாகக் கற்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதனால்தான் புதிதாகச் சேர்ந்தவர்கள் மடமடவென்று போக, அனுபவசாலிகள் தடுமாறுகிறார்கள். இதை வயசு என்றும் சோம்பல் என்றும் பேசுவது அநியாயம்.

மாற்றத்தைப் பக்குவமாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஆபீஸ் 2007 வந்தபோது மெனுக்கள் போய், மேலே பட்டன்கள் வரிசையாக நிற்கும் ரிப்பன் என்ற பட்டை வந்தது. ஆனாலும் எக்செலில் ஆல்ட், ஈ, எஸ் என்று வரிசையாக அழுத்தினால் நகலெடுத்ததில் எதை மட்டும் ஒட்டலாம் என்று கேட்கும் பேஸ்ட் ஸ்பெஷல் இன்றைக்கும் திறக்கிறது. மெனுவை எடுத்தவர்கள் அதன் விசைகளை விட்டுவைத்தார்கள், எவ்வளவு பெரிய மரியாதை அது! முப்பரிமாணப் படங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருளின் 2.80 பதிப்பு, 2019இல் தேர்ந்தெடுக்கும் கிளிக்கை வலதிலிருந்து இடதுக்கு மாற்றியது. வலதே வேண்டும் என்பவர்களுக்கு செட்டிங்கில் வழியும் வைத்தது. ஓவியம் வரையும் கிரிதாவில் ஃபோட்டோஷாப்புக்கு ஒத்த ஷார்ட்கட் தொகுப்பே தனியாக இருக்கிறது.

எங்களுக்கு வந்ததில் அப்படி எதுவும் இல்லை. பயிற்சி என்று உட்கார வைத்து புது வசதிகளைக் காட்டினார்கள். பழையதில் இருந்த எது இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு பக்கத்துக்குப் பட்டியல் கொடுத்திருந்தால் பாதி அவஸ்தை குறைந்திருக்கும்.

மென்பொருளை மாற்றும் முடிவு உங்கள் கையில் இருந்தால், தயவுசெய்து வேலை குவியும் மாதக் கடைசியில் மாற்றாதீர்கள். பழையதையும் கொஞ்ச காலம் திறக்க விடுங்கள். வாங்குவதற்கு முன்னால், நாள் முழுக்க அதில் வேலை செய்கிறவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர் கை எங்கெங்கே போகிறது என்று பாருங்கள்.