கண் தெரிந்த கோபம்

"கோபம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது" என்பார் என் அப்பா. சாம்பாரில் உப்பு கூடிப்போன ஒரு ராத்திரி அவர் விசிறியடித்த எவர்சில்வர் தட்டு சுவரில் பட்டு விழுந்து, தரையில் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு எட்டு வயது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதே அப்பா, தன்னைவிடப் பத்து வயது சின்ன அதிகாரி எல்லோர் முன்னாலும் ஃபைலைத் தூக்கி எறிந்தபோது, குனிந்து தாள்களைப் பொறுக்கி அடுக்கி மேஜையில் வைத்தாராம். ஒருநாள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தூங்குவதுபோல் படுத்திருந்தேன். கண்ணு மண்ணு தெரியாத கோபத்துக்கு அங்கே மட்டும் எப்படி எல்லாம் தெரிந்தது?

வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்குவதே இங்கேதான். 'செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்.' பலிக்கிற இடத்தில் அடக்குகிறவன்தான் அடக்குகிறவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று அடுத்து ஒரு கேள்வி. கொஞ்சம் நக்கலாகவே கேட்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. மேனேஜர் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதெல்லாம் பொறுமைக் கணக்கில் சேராது. பைக்கில் 'ரௌத்திரம் பழகு' ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் சிக்னலில் ஷேர் ஆட்டோக்காரரிடம் அதைப் பழகிப் பார்த்திருக்கிறேன். போலீஸ் ஜீப்பிடம் பழகிப் பார்த்ததில்லை.

ரேஷன் கடையில் மெஷின் கைரேகையை எடுக்காவிட்டால் திட்டு விழுவது பில் போடுகிறவருக்கு. டோல்கேட்டில் பூத்துக்குள் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு. நானும் யோக்கியன் இல்லை. போன மாதம் மழையில் நனைந்துகொண்டு சாப்பாடு கொண்டுவந்த பையனிடம், லேட் என்று கத்தினேன். கதவைச் சாத்துவதற்குள் ஆபீஸிலிருந்து போன். "சொல்லுங்க சார்" என்று என் வாயிலிருந்து வந்த குரலைக் கேட்டு எனக்கே கூச்சமாக இருந்தது.

இதற்கெல்லாம் நம்மிடம் ரெடிமேட் சமாதானங்கள் உண்டு. "முன்கோபிதான், ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டார்." அவர் ஏன் வைத்துக்கொள்ளப் போகிறார், வாங்கினவர்தானே வைத்துக்கொள்ள வேண்டும்! "கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்" என்பதை ஒரு பெண்ணைப் பற்றி யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. அவள் கோபப்பட்டால் அதற்குப் பெயர் 'வாய் ஜாஸ்தி'.

அம்மாவின் கோபம் பாத்திரத்தில்தான் கேட்கும். கரண்டி சிங்க்கில் விழும் வேகத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடலாம். இரண்டு நாள் அப்பாவிடம் நேரடிப் பேச்சு இருக்காது. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று அம்மா என்னிடம் சொல்வார். நானும் போய்ச் சொல்வேன்.

தட்டு சுவரோடு நின்றது எங்கள் அதிர்ஷ்டம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் இருக்கும் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்தவர்கள். இந்திய சராசரி சுமார் 29. படிப்பிலும் ஆஸ்பத்திரியிலும் சராசரியைத் தாண்டிவிட்டோம் என்று மார்தட்டுவோமே, இதிலும் தாண்டித்தான் இருக்கிறோம். கைநீட்டினால்தான் குற்றம் என்றும் இல்லை. குடும்ப வன்முறைக்கு எதிரான 2005 சட்டத்தில் வாயால் அவமானப்படுத்துவதும் வன்முறைதான்.

அப்பாவுக்கு இப்போது 76. "மனுஷன் ரொம்ப சாந்தமாகிட்டார், எல்லாம் வயசு தர்ற பக்குவம்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமாகிறது. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடுவது அம்மா.

போன ஞாயிற்றுக்கிழமை ரசத்தில் உப்பே இல்லை. அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். அம்மாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தானே கையை நீட்டி, துழாவி, உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டார்.