சோனியின் கையடக்கக் கருவி வன்னிக்கு வந்தால்

தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் பெட்டியான பிளேஸ்டேஷனின் அடுத்த பதிப்போடு சோனி கையடக்கக் கருவி ஒன்றையும் கொண்டுவரும், வீட்டுப் பெட்டியில் ஓடும் அதே விளையாட்டு கையிலும் ஓடும் என்ற ஊகம் மறுபடியும் சூடுபிடித்திருக்கிறது. நான் இதை நம்புகிறேன். 2025 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5க்கு (பிஎஸ்5) 'மின்சேமிப்பு' முறை ஒன்று வந்தது. அதை ஏற்கும் விளையாட்டுகள் திறனைக் குறைத்துக்கொண்டு குறைந்த மின்சாரத்தில் ஓடும். சுற்றுச்சூழலுக்காக என்றார்கள். இருக்கலாம். ஆனால் பெரிய விளையாட்டு ஓடும்போது பிஎஸ்5 ஏறத்தாழ 200 வாட் இழுக்கிறது. ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியின் சிப்புக்கு உச்சமே 15 வாட். இந்தப் பள்ளத்தைச் சிப் மட்டும் நிரப்பாது. விளையாட்டை உருவாக்குபவர்களும் குறைந்த சக்திக்கு எழுதிப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தைத்தான் சோனி இப்போதே தொடங்கிவிட்டது என்பது என் கணிப்பு.

இந்த வழியில் சோனிக்கு முன்னே நடந்தது அதன் போட்டி நிறுவனமான நின்டென்டோ. வீட்டுக்கு வீ யூ, கைக்கு 3டிஎஸ் என்று இரண்டு கருவிகளுக்கும் தனித்தனியாக விளையாட்டு செய்து களைத்துப்போனார்கள். 3டிஎஸ் விற்பனை 75 மில்லியனைத் தாண்டியது. வீ யூ 13.5 மில்லியனோடு நின்றுவிட்டது. 2013இல் நின்டென்டோவின் தலைவர் சட்டோரு இவாட்டா இரண்டு கருவிகளையும் உருவாக்கிய பிரிவுகளை ஒன்றாக்கினார். அடுத்த ஆண்டு முதலீட்டாளர்களிடம் அவர் விளக்கியதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். கருவி ஒன்றாகத்தான் இருக்கும் என்று அவர் சொல்லவில்லை, வடிவங்கள் கூடவும் செய்யலாம் என்றார். அவர் ஒன்றாக்க நினைத்தது அடித்தளத்தை. 2015 ஜூலையில் அவர் காலமானார். 2017 மார்ச்சில், தொலைக்காட்சியிலும் கையிலும் ஓடும் ஒரே கருவியாக ஸ்விட்ச் வந்தது.

இனி நம் ஊரான இலங்கையின் வன்னிக் கதை. மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு வீட்டில் பிஎஸ்5 இருக்கிறது என்றால், அநேகமாக அது கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ வந்த மாமாவின் பயணப் பெட்டியில்தான் வந்திருக்கும். வந்த பிறகு தொலைக்காட்சிக்குப் போட்டி. மாலை ஆறரைக்கு மேல் அது அம்மம்மாவின் சொத்து, நாடகம் முடியும்வரை யாரும் கிட்டப் போக முடியாது. அடுத்தது மின்சாரம். 2022இல் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை வெட்டினார்கள். கொழும்புக்காரருக்கு அது பேரதிர்ச்சி. போர்க்காலத்தில் மின்சாரமே இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட எங்களுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. தொலைக்காட்சியும் சுவரிலுள்ள பிளக்கும் இல்லாமல் ஓடும் கருவியின் அருமை எங்களுக்கு விளம்பரம் பார்த்துத் தெரியவேண்டியதில்லை.

ஆனால் 'கையடக்கம்' என்று எழுதியிருக்கும் எல்லாம் அப்படி ஓடுவதில்லை. 2023இல் சோனி விற்கத் தொடங்கிய, ஆட்டத்தை வைஃபை வழியாக வாங்கிக் காட்டும் போர்ட்டலைப் பாருங்கள். தன் வயிற்றில் எந்த விளையாட்டையும் வைத்துக்கொள்ளாது. வைஃபை போனால் வெறும் திரைதான். 2025 அக்டோபரில் வந்த 'எக்ஸ்பொக்ஸ் அலை' (Xbox Ally) என்ற கையடக்கக் கருவி இன்னொரு வேடிக்கை. பெயரில் எக்ஸ்பொக்ஸ், உள்ளே விண்டோஸ் கணினி. கணினிக்கான பதிப்பு இல்லாத எக்ஸ்பொக்ஸ் விளையாட்டை அதில் நிறுவி ஆட முடியாது. இதையா ஒருங்கிணைப்பு என்கிறார்கள்?

நின்டென்டோவும் சறுக்கியிருக்கிறது. அதன் புதிய கருவியான ஸ்விட்ச் 2இன் பல விளையாட்டு அட்டைகளில் விளையாட்டே இல்லை, அதைத் திறக்கும் திறப்பு (key) மட்டுமே இருக்கிறது. காசு கொடுத்து அட்டை வாங்கிய பிறகும் முழுவதையும் இணையத்தில் இறக்க வேண்டும். சைபர்பங்க் 2077 போன்ற பெரிய விளையாட்டு 64 ஜிபி அட்டையில் முழுமையாக வந்திருப்பதால், முடியாது என்ற சாட்டு எடுபடாது. செலவை மிச்சம் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு இணையம் என்றால் போனுக்குப் போடும் டேட்டா. அதில் 100 ஜிபி விளையாட்டை இறக்குவதற்கு ரீலோட் போட்டே அப்பாவின் பொக்கற் காலியாகிவிடும்.

ஆகவே சோனியிடம் நான் எதிர்பார்ப்பது மூன்றே விடயங்கள்: ஒருமுறை வாங்கிய விளையாட்டு இரண்டு கருவியிலும் ஓட வேண்டும், இணையம் இல்லாமல் ஓட வேண்டும், பழைய டிஸ்க் வைத்திருப்பவனை நடுத்தெருவில் விடக்கூடாது. மூன்றாவதில்தான் எனக்குச் சந்தேகம். கையடக்கக் கருவியில் டிஸ்க் போட இடம் இருக்காது. வீட்டுப் பெட்டியில் டிஸ்க்கைப் போட்டு உரிமையைச் சரிபார்த்துக் கைக்கு மாற்ற ஒரு வழியை அவர்கள் செய்யலாம், செய்வார்களா என்றால் கையை விரிப்பேன். ஒருவர் ஆடி முடித்த டிஸ்க் அடுத்த வீட்டுக்கும் அங்கிருந்து அடுத்த ஊருக்கும் போவதை எந்த நிறுவனமும் விரும்புவதில்லை.

வெளிநாட்டு மாமாமாரே, பொறுங்கள். புதியது வரட்டும், கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை பழைய பிஎஸ்4 டிஸ்க் கிடந்தால் அனுப்பிவிடுங்கள்.