அந்தச் சம்மதம் யாருடையது?

எந்த ஆப்பைத் திறந்தாலும் ‘தனியுரிமைக் கொள்கை’ என்று ஒரு நீளமான பத்திரம் வைத்திருக்கிறார்கள். எழுதுகிறவர் கம்பெனி வக்கீல். நாளைக்குக் கேஸ் என்று வந்தால் ‘நாங்கள்தான் முன்னாடியே சொல்லிவிட்டோமே, நீங்களும் சம்மதித்தீர்களே’ என்று எடுத்து நீட்டுவதற்கு அது உதவும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, காசு கொடுப்பவருக்குத்தானே வக்கீல் எழுதுவார். எனக்குச் சந்தேகமெல்லாம் அந்த ‘சம்மதித்தீர்களே’ மேல்தான்.

எங்கள் பக்கம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு வட்டாரத்தில், அந்தச் சம்மதத்தைப் பெரும்பாலும் கொடுப்பது யார் தெரியுமா? செல்போன் கடைப் பையன்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சாயங்காலம் ஏதாவது சர்வீஸ் கடை முன்னால் நின்று பாருங்கள். மீன் விற்கிற அக்கா செகண்ட் ஹேண்டில் ஒரு போன் வாங்குகிறார். பையன் சிம்மைப் போடுகிறான், டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறான், ஜிமெயில் ஓப்பன் பண்ணுகிறான். ‘பொறந்த தேதி இன்னாக்கா?’ அக்கா யோசித்துச் சொல்வதற்குள் 1-1-1975 என்று அவனே போட்டுவிடுகிறான். (எங்கள் ஏரியாவில் எத்தனையோ பேருக்குக் கூகுள் கணக்கில் ஜனவரி ஒன்றுதான் பிறந்தநாள்.) பாஸ்வேர்டை பில்லுக்குப் பின்னால் எழுதித் தருகிறான். அப்புறம் வாட்ஸ்அப், யூடியூப், பணம் அனுப்புகிற ஆப். ‘அனுமதி’, ‘அனுமதி’, ‘ஒப்புக்கொள்கிறேன்’ எல்லாம் திரையில் முழுசாக வந்து நிற்பதற்கு முன்னாலேயே அவன் கட்டைவிரல் அந்த இடத்தில் தயாராக இருக்கிறது. அவனைக் குற்றம் சொல்லமாட்டேன், பின்னால் நாலு பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அக்காவுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ‘பேரன் வீடியோல தெரிவான்ல, நைனா?’

கம்பெனி கணக்குப்படி அந்த அக்கா அன்றைக்கு ஐந்தாறு சட்டப் பத்திரங்களைப் படித்துப் புரிந்துகொண்டு மனமுவந்து ஒப்புக்கொண்டவர். அதுவும் ஆங்கிலத்தில்.

படிப்பறிவு இல்லாததால் வந்த பிரச்சினை இது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு பேர் 2008-லேயே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் ஒரு வருடத்தில் போகும் இணையதளங்களின் கொள்கைகளை வரி விடாமல் படித்தால் 200 மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். போனில் இத்தனை ஆப் வராத காலத்துக் கணக்கு அது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பிள்ளைகளும் கீழே வரை உருட்டிவிட்டு ஓகே அழுத்துகிறவர்கள்தான்.

சரி, நம் தகவலை நாமே கொடுத்துத் தொலைத்தோம் என்று விட்டுவிடலாம். அடுத்தவர் தகவலை என்ன செய்வது? எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர் வண்டியின் எஃப்சி (தகுதிச் சான்று) செலவுக்காக ஒரு கடன் ஆப்பில் பணம் எடுத்தார். ரெண்டு தவணை தள்ளிப்போனது. போன் அவருக்கு மட்டும் வரவில்லை. சம்பந்தி வீட்டுக்கு, சீட்டு பிடிக்கிற அக்காவுக்கு, பெண்ணுக்கு டியூஷன் எடுக்கிற டீச்சருக்கு, கடைசியில் எனக்கும் வந்தது. ‘அவரு உங்க நம்பரைத்தான் குடுத்திருக்காரு’ என்றது ஒரு அதட்டல் குரல். அண்ணன் யார் நம்பரையும் கொடுக்கவில்லை. ‘தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கவா’ என்று ஆப் கேட்டபோது ஒரு தட்டு தட்டினார், அவ்வளவுதான். நான் அந்த ஆப்பைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. என் நம்பரைக் கொடுக்க என்னிடம் யார் கேட்டார்கள்? பணத்தைவிட, சம்பந்தி வீட்டில் தலைகுனிய வேண்டி வந்ததுதான் அந்த மனுஷனை உடைத்துப்போட்டது.

இத்தனைக்கும் கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, போனில் இருக்கிற கோப்புகள் எதையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அது கட்டுப்படுத்துவது வங்கிகளையும் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களையும் அவர்கள் சார்பில் நடக்கும் ஆப்களையும். எங்கேயும் பதிவே செய்யாமல் நடத்துகிறவன் ரிசர்வ் வங்கியைக் கண்டு ஏன் பயப்படப் போகிறான்?

பெரிய கம்பெனிகள் இப்படி அதட்டுவதில்லை, நயமாகப் பேசுகிறார்கள். ‘உங்கள் தகவலை விற்கமாட்டோம்’ என்று மேலே கொட்டை எழுத்தில் இருக்கும். நாலு பக்கம் தள்ளி, நம்பகமான கூட்டாளிகளுடன் பகிரலாம், நிறுவனம் கைமாறினால் தகவலும் சேர்ந்து மாறலாம் என்று இருக்கும். மளிகைக் கடையை விற்றால் கடன் நோட்டும் புது முதலாளியிடம் போகிற மாதிரி. 23அண்ட்மீ என்ற அமெரிக்க மரபணுப் பரிசோதனைக் கம்பெனி 2025 மார்ச்சில் திவால் மனு போட்டபோது, சுமார் ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் தகவலும் ஏலத்துக்கு வந்த சொத்துகளில் ஒன்றாகிவிட்டது. எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பியபோது இதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் என்ன செய்தது என்று பலருக்கு ஞாபகம் இருக்கும். புதுக் கொள்கையை ஒப்புக்கொள், இல்லாவிட்டால் கிளம்பு என்றது. அதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் முதலாளியான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. (அதே மெட்டாவின் முகநூலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தெருக்காரர்கள் எல்லாரும் இங்கே இருக்கும்போது வேறெங்கே போய் எழுத?)

நம் நாட்டிலும் சட்டம் வந்துவிட்டது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் தீர்ப்பு சொன்னார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் ஆறாவது பிரிவில் ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது. டாக்டரிடம் ஆன்லைனில் ஆலோசனை கேட்கிற ஆப் ஒன்றை ஒரு பெண் தன் போனில் போடுகிறார். ஆப் அவருடைய தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது, அவரும் சரி என்கிறார். ஆனால் வைத்தியத்துக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை என்பதால், அவர் சரி என்று சொல்லியிருந்தாலும் அந்தச் சம்மதம் வைத்தியத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டும்தான் செல்லும் என்கிறது சட்டம். கடைப் பையனின் கட்டைவிரலுக்கு இது ஓரளவுக்காவது பதில்.

அதே சட்டம் நம் பக்கமும் விரலை நீட்டுகிறது. பொய்ப் புகார் கொடுத்தாலோ, தகவல் தரும்போது இன்னொருவராக ஆள்மாறாட்டம் செய்தாலோ நமக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம். அரசு அமைப்புகளுக்கோ தாராளமாக விலக்கு இருக்கிறது. அதைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும், இன்னொரு நாள் பார்க்கலாம்.

அந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. கம்பெனிகளுக்கான முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருப்பதால் 2027 மே வரை பொறுத்திருக்க வேண்டும். சம்மதம் கேட்கிற அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இருக்கிற மொழிகளிலோ பார்க்க வழி வைக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதாவது தமிழிலும். அந்தத் தமிழ் காசிமேட்டு அக்காவுக்குப் புரிகிற தமிழாக இருக்குமா, இல்லை வில்லங்கச் சான்றிதழ் தமிழாக இருக்குமா என்று பார்க்கத்தான் காத்திருக்கிறேன். அதுவரை என் கைக்கு வருகிற போனில் எல்லாம் செட்டிங்ஸுக்குப் போய்க் கடன் ஆப், கேம், கேமரா ஃபில்டர் எல்லாவற்றுக்கும் தொடர்பு அனுமதியை அணைத்துவிடுகிறேன். அணைத்ததால் ஓடாமல் நின்றுபோன ஆப் எதுவும் உங்களிடம் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்.